பொன்னியின் செல்வன் முடித்தாச்சு, அடுத்து என்ன படிக்கிறது?

ஒவ்வொரு வருடமும் சென்னைப் புத்தகக் காட்சி தொடங்குகிற வாரத்தில் எனக்கு இந்தக் கேள்வி நாலைந்து பேரிடமிருந்தாவது வந்துவிடும். 2022இல் படம் வந்ததற்கு அப்புறம் இன்னும் கூடிவிட்டது. "ஐந்து பாகமும் முடித்தாச்சு, அதே மாதிரி வேறு என்ன இருக்கு?" அதே மாதிரி ஒன்றும் இல்லை என்று சொன்னால் கேட்டவர் முகம் வாடிவிடும், சும்மா பெயர்களை அடுக்கினால் அவர் போய் தப்பான புத்தகத்தை வாங்கிவிடுவார். இரண்டையும் நான் செய்திருக்கிறேன். ஆபீஸில் பக்கத்து சீட்டு நண்பருக்கு, வரலாறு பிடிக்கும் என்று சொன்னாரே என்று, ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகிற 'காவல் கோட்டம்' நாவலைக் கையில் கொடுத்தேன். நல்ல நாவல், 2011இல் சாகித்ய அகாதெமி வாங்கியது, மதுரையும் கள்ளர் வாழ்வும் அப்படி விரிகிற புத்தகம். ஆனால் அவர் நாற்பதாவது பக்கத்தில் நின்றார். புத்தகம் இப்போது அவர் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது, அதன்மேல் கரண்ட் பில். இன்றைய தமிழ் நாவல் தனக்கு ஒத்துவராது என்று அவர் முடிவுகட்டியதில் பாதிப் பாவம் எனக்கு.

அதனால் இப்போதெல்லாம் யார் கேட்டாலும் திருப்பி இரண்டு கேள்வி கேட்கிறேன், நீங்களும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். கடைசியாக எதைப் படிக்கும்போது, அல்லது பார்க்கும்போது, தூக்கத்தைத் தள்ளிப்போட்டீர்கள்? புத்தகமாக இருக்க வேண்டியதில்லை, வெப் சீரிஸ், பாட்டி சொன்ன ஊர்க்கதை, எதுவானாலும் சரி. இரண்டாவது, எந்த நேரத்தில் படிக்கப் போகிறீர்கள்? பஸ்ஸில் நாற்பது நிமிடம் நின்றுகொண்டே போகிறவருக்கும், ராத்திரி பிள்ளைகள் தூங்கினபிறகு ஒரு மணிநேரம் கிடைக்கிறவருக்கும் ஒரே புத்தகத்தைச் சொல்ல முடியாது.

இந்தக் கேள்வியெல்லாம் ஏன் என்றால், தமிழில் அலமாரி நமக்கு உதவாது. இங்கிலீஷ் புத்தகக் கடையில் கொலைக்கதை ஒரு பக்கம், காதல் ஒரு பக்கம், விண்வெளி ஒரு பக்கம் என்று பலகை எழுதி வைத்திருப்பான். நம் ஊரில் அட்டையில் 'நாவல்' என்று ஒரே சொல்தான். கொலை, துப்பு, பேய் எல்லாம் பஸ் ஸ்டாண்ட் கடையில் கிளிப் போட்டுத் தொங்குகிற மாத நாவல்களுக்கு என்று எழுதாத ஒப்பந்தம், ராஜேஷ்குமாரும் பட்டுக்கோட்டை பிரபாகரும் அந்தப் பக்கம், 'இலக்கியம்' இந்தப் பக்கம். ஆனால் இந்தப் பக்கம் வந்து பார்த்தால் அதற்குள் கொலை இருக்கிறது, பழிவாங்கல் இருக்கிறது, அறிவியல் இருக்கிறது, பெயர்ப்பலகை மட்டும்தான் இல்லை. உங்களுக்குப் பிடித்த ருசியை அதற்குள் தேடி எடுக்கத் தெரிந்தால் போதும்.

முதலில் கல்கி வழியாக வந்தவர்கள். உங்களுக்கு அடுத்த படி சு. வெங்கடேசனின் 'வேள்பாரி'. அதே ஆசிரியர்தான் 'காவல் கோட்டம்' எழுதியவரும், ஆனால் இது வேறு ஜாதி எழுத்து. விகடனில் வாராவாரம் தொடராக வந்தது, அதனால் ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும் ஒரு கொக்கி இருக்கும், கல்கிக்குப் பழகிய கைக்கு அது உடனே பிடித்துவிடும். பறம்பு மலை, பாரி, கபிலர், மூவேந்தர் முற்றுகை. இதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் உண்டு: பொன்னியின் செல்வன் 1950இல் கல்கி பத்திரிகையில் தொடங்கியபோது படம் வரைந்தவர் மணியம், வேள்பாரிக்கு வரைந்தவர் அவருடைய மகன் மணியம் செல்வன். வந்தியத்தேவனைப் பார்த்து வளர்ந்த வீட்டில் ஒருவருக்கு இதைப் பரிசாகக் கொடுத்தால் அட்டையைப் பார்த்ததுமே கண் விரியும்.

வேள்பாரியோடு நின்றுவிடாதீர்கள், ஏனென்றால் வரலாறு என்றாலே அரசன்தான் என்கிற பழக்கத்தை அதுவும் முழுசாக உடைக்கவில்லை. அதை உடைக்க ஜெயமோகனின் 'வெள்ளை யானை' (2013). மெரினாவில் விவேகானந்தர் இல்லம் என்று இப்போது சொல்கிறோமே, அந்தக் கட்டடம் 1842இல் ஐஸ் வைப்பதற்காகக் கட்டியது, அமெரிக்காவில் ஏரிகளில் உறைந்த ஐஸைப் பாளம் பாளமாக வெட்டிக் கப்பலில் கொண்டுவந்து இங்கே வெள்ளைக்காரர்களின் கோப்பைக்கு விற்றார்கள். அந்த ஐஸ் ஹவுஸில் வேலை செய்த ஒடுக்கப்பட்ட மக்கள், வெளியே தாது வருடப் பஞ்சம் (1876 முதல் 78 வரை), நடுவில் மனசாட்சி உறுத்துகிற ஒரு ஐரிஷ் போலீஸ் அதிகாரி. பஞ்சத்தைப் பார்க்க அவன் கிளம்பிப் போகிற பகுதியைச் சாப்பிட்டுக்கொண்டே படிக்காதீர்கள், நான் அப்படிப் படித்துவிட்டு தட்டைத் தள்ளிவைத்தேன். படித்த பிறகு ஒருநாள் மாலை ஐஸ் ஹவுஸ் ஸ்டாப்பிங்கில் இறங்கி அந்தக் கட்டடத்தை நின்று பாருங்கள்.

வரலாறு பெரிய ஊரில் நடக்க வேண்டாம், ஒரு கண்மாய்க்கரையில் நடந்தாலும் போதும் என்கிறவர்களுக்கு சோ. தர்மனின் 'சூல்'. எட்டயபுரம் பக்கம் உருளைக்குடி, அங்கே ஒரு கண்மாய், அதை நம்பிய ஜனம், மடைகாக்கிறவர், மரம், மீன், சாமி. 2019 சாகித்ய அகாதெமி இதற்குத்தான். வேகமாகப் புரட்டுகிறவர்களுக்கு ஆகாது, ஒரு நாளைக்கு இருபது பக்கம் என்று படித்தால் பெரியவர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி இருக்கும்.

சரி, கொலைக்கதை விரும்பிகளுக்கு வருவோம். பூமணியின் 'வெக்கை' 1982இல் வந்தது, இதைப் போய் சமகாலம் என்கிறாயே என்று கேட்காதீர்கள், 'அசுரன்' படத்துக்கு மூலம் இதுதான் என்பதால் இப்போது புதிதாகப் படிக்கிறவர்கள் நிறைய. படம் பார்த்திருந்தாலும் தைரியமாகப் படிக்கலாம். படம் அப்பாவின் கதை, நாவல் மகனின் கதை. சிதம்பரம் என்கிற பையன் ஒரு ஆளை வெட்டுவதில் தொடங்கி அப்பாவும் மகனும் காட்டிலும் கரட்டிலும் ஒளிந்து திரிகிற எட்டு நாள், அவ்வளவுதான் கதை. பிளாஷ்பேக் சண்டை, தத்துவப் பேச்சு எதுவும் இல்லை. சமைப்பதும் தண்ணீர் தேடுவதும் அப்பாவும் மகனும் மெல்லப் பேசிக்கொள்வதும்தான், ஆனால் பக்கத்தைத் திருப்பாமல் இருக்க முடியாது. சின்னப் புத்தகம், ஒரு சனி ஞாயிறு போதும்.

அதே ருசியில் கொஞ்சம் வளைந்து போகிற ஒன்று வேண்டுமா? தேவிபாரதியின் 'நிழலின் தனிமை' (2011). அக்காவைச் சீரழித்தவனைப் பல வருடம் கழித்து, ஒரு பள்ளிக்கூட கிளார்க்காக அவன் ஊருக்கே வேலைக்குப் போகிற தம்பி சந்திக்கிறான். பழிவாங்குவான் என்று நாம் காத்திருப்போம். அவனும் காத்திருப்பான். ஆனால் நாள் ஆக ஆக யார் யாரைத் துரத்துகிறார்கள் என்பதே குழம்பிவிடும், அதற்கு மேல் சொன்னால் என்னை அடிப்பீர்கள். சைக்கலாஜிகல் த்ரில்லர் என்று அட்டையில் போட்டிருந்தால் இன்னும் பத்து மடங்கு விற்றிருக்கும் என்று நான் நினைப்பதுண்டு.

அறிவியல் புனைகதைக்கு சுஜாதாவோடு கதவு சாத்தியாகிவிட்டது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். சுதாகர் கஸ்தூரியின் '6174' அவர்களுக்குத்தான். தலைப்பே ஒரு எண். ஒரு பேப்பர் எடுத்துக்கொள்ளுங்கள். நாலு இலக்கத்தில் ஏதாவது ஒரு எண், எல்லா இலக்கமும் ஒன்றாக இல்லாமல். 3524 என்று வைப்போம். இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதி, ஏறுவரிசையில் எழுதியதைக் கழியுங்கள்: 5432இல் 2345 போக 3087. மறுபடி 8730இல் 0378 போக 8352. மறுபடி 8532இல் 2358 போக 6174. இனி எத்தனை முறை செய்தாலும் 6174தான் வரும். எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிக்குள் இங்கே வந்து நின்றுவிடும். 1949இல் இதைக் கண்டுபிடித்தவர் மகாராஷ்டிராவில் தேவ்லாலி என்கிற ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகர். இந்த எண்ணையும் லெமூரியாவையும் ஸ்படிகங்களையும் முடிச்சுப் போட்டு ஓடுகிற கதை. நடை சில இடத்தில் பாடப்புத்தகம் மாதிரி விளக்கும், அதைப் பொறுத்துக்கொண்டால் ஓட்டம் ஜோர். வீட்டில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருந்தால் முதலில் இந்தக் கணக்கைக் காட்டுங்கள், புத்தகத்தை அதுவே எடுத்துக்கொள்ளும்.

காதல் கதை கேட்கிறவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டே கேட்கிறார்கள், ஏனென்று தெரியவில்லை. ஜெயமோகனின் 'காடு' (2003) என் முதல் பதில். கல்வெர்ட்டு கட்டுகிற மாமாவுக்கு உதவியாக மலைக்காட்டுக்குப் போகிற கிரிதரன், அங்கே நீலி. குறுந்தொகையைப் பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்து மறந்தவர்களுக்குக் குறிஞ்சி என்றால் என்ன என்று அப்போதுதான் உறைக்கும். மழை பெய்கிற ஊரில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று சொல்லலாம், ஆனால் நான் சித்திரை வெயிலில் கரண்ட் போன ஒரு மதியத்தில்தான் படித்தேன், அப்போதும் நனைந்தது. இளையவர்கள் எழுதியதில் அஜிதனின் 'மைத்ரி' (2022), இமயமலைப் பக்கம் ஒரு பயணத்தில் நடப்பது, சின்னது. பெருமாள்முருகனின் 'பூக்குழி' (2013) குமரேசன், சரோஜா இரண்டு பேரின் கதை, ஜாதி மாறிக் கட்டிக்கொண்டு பையனின் ஊருக்கு வருகிறார்கள். காதல் கதை என்று நம்பித் தொடங்கினால் பாதிக்கு மேல் பயமாக இருக்கும். ராத்திரி தனியாக இருக்கும்போது கடைசி முப்பது பக்கத்தைப் படிக்க வேண்டாம் என்பது மட்டும் என் எச்சரிக்கை.

பெருமாள்முருகன் என்றதும் எல்லோரும் 'மாதொருபாகன்' பக்கம் ஓடுவார்கள், சண்டை நடந்த புத்தகம் என்பதால். அந்த விவகாரத்தில் 2015 ஜனவரியில் எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார், 2016 ஜூலையில் உயர்நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகுதான் திரும்ப எழுதினார், அப்படித் திரும்பி வந்து எழுதிய நாவல் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை'. ஒரு ஆட்டுக்குட்டி, அதை வளர்க்கிற கிழவன் கிழவி. மனிதர்களைப் பற்றி எழுதப் பயம், பசுவையும் பன்றியையும் பற்றி எழுதவே கூடாது, ஆடு ஒன்றுதான் தோது என்கிற மாதிரி முன்னுரையிலேயே ஒரு குத்து இருக்கும். படித்து வெகுநாள் ஆனவர்கள், தமிழே தடுமாறுகிற வெளியூர்ப் பிள்ளைகள், யாருக்கும் தயங்காமல் கொடுக்கலாம். என் அக்கா மகள் பெங்களூரில் வளர்ந்தவள், எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், பூனாச்சியை ஒரு மாதத்தில் முடித்துவிட்டு "மாமா, இந்த மாதிரி ஆடுமாடு கதை இன்னும் இருக்கா?" என்று கேட்டாள். 'கூளமாதாரி' கொடுத்தேன். அது ஆடு மேய்க்கிற பையன்களின் கதை, கொங்குப் பேச்சு கெட்டியாக வரும், அங்கே கொஞ்சம் திணறினாள்.

இந்தத் திணறலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் நாவலை மூடி வைப்பது இங்கேதான். இன்றைய தமிழ் நாவல்களில் நல்லதில் பாதி வட்டார வழக்கில் இருக்கிறது. மதுரைக்காரனுக்கே குமரி மாவட்டப் பேச்சு புரியாது, சென்னைக்காரருக்குக் கரிசல்காட்டுச் சொல் தெரியாது. ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' (2004) எடுத்தால் முதல் பக்கத்திலிருந்தே கட்டுமரம், வலை, காற்று, நீரோட்டம் எல்லாவற்றுக்கும் பரதவர் சொல்தான், தரையில் இருக்கிறவனுக்கு அதில் பாதி தெரியாது. ஆனால் தொடக்கமே கடலில் தத்தளிக்கிற மூன்று பேர், அந்தப் பதற்றம் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும். நான் கண்ட வழி இதுதான்: அகராதியைத் தொடாதே, அடிக்கோடு போடாதே, பேச்சு வருகிற இடங்களை வாய்விட்டுப் படி. கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் புரியும். முப்பது பக்கம் பொறுத்தால் அந்த ஊர்க்காரர்கள் நம் வீட்டில் வந்து தங்கிவிட்டதைப் போல ஆகிவிடும், ஐம்பதாவது பக்கத்தில் நாமே வீட்டில் அந்தப் பேச்சில் ஒரு வார்த்தை விட்டு ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஐம்பதிலும் ஒட்டவில்லையா, மூடிவைத்துவிடுங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம், இரண்டு வருடம் கழித்து அதே புத்தகம் வேறு மாதிரி இருக்கும். 'ஆழி சூழ் உலகு' எனக்கே மூன்றாவது முயற்சியில்தான் திறந்தது.

குடும்பக் கதை பிடித்தவர்கள் (சீரியல் பார்க்கிறவர்களை நான் குறைவாகச் சொல்லவே மாட்டேன், அவர்களுக்கு மனுஷர்களைப் பற்றிய ஆர்வம் ஜாஸ்தி) இமையத்தின் 'செல்லாத பணம்' படிக்கலாம். வீட்டை எதிர்த்து ஆட்டோ ஓட்டுகிறவரைக் கட்டிக்கொண்ட பெண், தீக்காயத்தோடு ஜிப்மர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், வார்டுக்கு வெளியே அப்பா, அம்மா, புருஷன், உறவுக்காரர்கள். நாவலில் பெரும்பகுதி பேச்சுதான், வராந்தாவில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்பதைப் போல. ஆஸ்பத்திரியில் வேண்டியவர் யாராவது இருக்கிற நேரத்தில் மட்டும் எடுக்காதீர்கள். இதற்கு 2020 சாகித்ய அகாதெமி. 2023இல் வாங்கியது தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்', காரு மாமா என்கிற ஒருவரின் சாவு, அந்தச் சாவு வீட்டுக்கு வந்து சேர்கிற சொந்தங்கள், கொங்குப் பகுதிக் குடிநாவிதர் வீடுகள். தலைப்பு நமக்கு 'யாதும் ஊரே' என்ற முதல் அடி மட்டும் தெரிந்த அதே கணியன் பூங்குன்றனார் பாட்டின் பின்பகுதியிலிருந்து வந்தது. நாவலைப் படித்து முடித்துவிட்டு அந்தப் பாட்டை முழுசாக ஒருதடவை எடுத்துப் பாருங்கள்.

இரண்டு புத்தகத்திலும் சொந்தக்காரர் பெயர் நிறைய வரும். அதைவிட அதிகம் சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004). ஒரு முஸ்லிம் ஊர், அதன் பெண்கள், ராபியா என்கிற சிறுமி வழியாகப் பெரும்பகுதி தெரியும், யார் யாருக்கு அத்தை, யார் யாருக்கு நாத்தி என்பது முதல் அறுபது பக்கத்துக்குச் சுற்றலாக இருக்கும். புத்தகத்தின் உள் அட்டையில் பென்சிலால் ஒரு வம்சப்படம் வரைந்துகொண்டே போனேன். இது எந்தத் தடித்த நாவலுக்கும் உதவும். ஆண்கள் இதை ஒருமுறை படித்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி.

வேலை, தொழில் பற்றிய நாவல் தேடினால் எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல் கடிகை' இருக்கிறது, திருப்பூரில் பள்ளி முடித்த ஐந்து நண்பர்கள், பனியன் தொழில் வீங்குகிறது, ஆட்களும் கூடவே. கண்மணி குணசேகரனின் 'நெடுஞ்சாலை' பஸ் டிப்போவில் தற்காலிகமாக வேலை பார்க்கிறவர்கள். சென்னை வேண்டுமென்றால் தமிழ்ப்பிரபாவின் 'பேட்டை', சிந்தாதிரிப்பேட்டைக்குள் போய் அந்தப் பேச்சிலேயே உட்கார்ந்து எழுதியது, 'சார்பட்டா பரம்பரை'யின் எழுத்தில் இருந்தவர் என்றால் உங்களுக்குச் சட்டென்று புரியும்.

ஈழத்து நாவல்களுக்கு ஒரு வரிசை சொல்கிறேன். நேராகப் பெரியதற்குள் போகாதீர்கள். ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) சின்னது, பிரான்ஸில் அகதி அந்தஸ்து கேட்டு எழுதுகிற மனுவாகத் தொடங்கி, ரொக்கிராஜ் என்கிறவனின் சின்ன வயதுக்கும் இயக்கத்துக்கும் போகும், நடுவில் அடிக்குறிப்பு எல்லாம் வரும், சிரிப்பு வரும், அந்தச் சிரிப்புக்காக அடுத்த பக்கத்திலேயே வெட்கப்படுவீர்கள். 'தீபன்' என்ற பிரெஞ்சுப் படத்தில் நடித்தவரும் இவர்தான், 2015 கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது வாங்கிய படம். இது பிடித்தால் சயந்தனின் 'ஆதிரை' (2015), தடித்தது, வன்னி ஜனங்களின் சில தலைமுறைகள், முள்ளிவாய்க்கால் வரை. இடையில் வேறு லேசான ஒன்றைப் படியுங்கள். அடுத்தடுத்துப் படித்துவிட்டு இரண்டு வாரம் எதுவும் ஓடாமல் கிடந்தவன் சொல்கிறேன். மலேசியா பக்கம் ம. நவீனின் 'பேய்ச்சி', தோட்டப்புற வாழ்க்கை, 2020இல் அந்த நாட்டு அரசு தடை போட்டது. தடை போட்டதால் படிக்க வேண்டியதில்லை, நன்றாக இருப்பதால் படிக்கலாம்.

மொழிபெயர்ப்பை மறந்துவிடாதீர்கள். விவேக் ஷான்பாகின் 'காச்சர் கோச்சர்' கன்னடத்திலிருந்து கே. நல்லதம்பி கொண்டுவந்தது, ஒரே மதியத்தில் முடிந்துவிடும், திடீர்ப் பணம் வந்த ஒரு பெங்களூர்க் குடும்பம், முடித்த பிறகு வீட்டில் எறும்பைப் பார்த்தால் இந்தக் குடும்பம்தான் ஞாபகம் வரும். மனோஜ் குரூரின் 'நிலம் பூத்து மலர்ந்த நாள்' மலையாளத்தில் எழுதியது, கே.வி. ஜெயஸ்ரீ தமிழில் தந்தது, 2019இல் மொழிபெயர்ப்புக்கான அகாதெமி விருது. இதில் வேடிக்கை என்னவென்றால் கதை நம் சங்ககாலப் பாணர்களைப் பற்றியது. நம் வீட்டுப் பொருளைப் பக்கத்து வீட்டுக்காரர் துடைத்து மெருகேற்றித் திருப்பிக் கொடுத்த மாதிரி. 'வேள்பாரி' முடித்த கையோடு இதை எடுங்கள்.

எதை இப்போதைக்குத் தொடக் கூடாது? பா. வெங்கடேசனின் 'தாண்டவராயன் கதை', பூமணியின் 'அஞ்ஞாடி', ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்'. மூன்றும் எனக்குப் பிடித்தவை, மூன்றும் மலை. ஜெயமோகனின் 'ஏழாம் உலகம்' பக்கம் குறைவு என்றாலும் பழனிப் பக்கம் பிச்சைக்காரர்களை வாங்கி விற்கிற உலகம், வயிறு கெட்டியாக இருக்கிறபோதுதான். அவரே மகாபாரதத்தைத் திரும்ப எழுதிய 'வெண்முரசு' 26 நாவல், 2014 முதல் 2020 வரை தினம் ஒரு அத்தியாயமாக வந்தது, அதற்கெல்லாம் ரிட்டயர்டு அப்பாக்கள் இருக்கிறார்கள். என் அப்பா இப்போது பதினொன்றாவதில் இருக்கிறார், வீட்டில் பாத்திரம் விழுந்தால்கூட நிமிர்வதில்லை.

இப்போது வாங்குவதற்குக் கொஞ்சம். புத்தகத்தைக் கையில் எடுத்ததும் முன்னுரை, அணிந்துரை, மதிப்புரை எதையும் படிக்காதீர்கள். இதை ஆயிரம் தடவை சொல்லிவிட்டேன். நம் ஊரில் அணிந்துரை எழுதுகிற பெரியவர்களுக்குக் கதையின் கடைசிச் சாவு வரை சொல்லிவிட்டுத்தான் பேனாவை மூட வரும். நேராக முதல் அத்தியாயத்துக்குப் போங்கள், கடையிலேயே நின்றபடி நாலு பக்கம் படியுங்கள், அப்புறம் நடுவில் எங்காவது திறந்து இரண்டு பக்கம். நடுப்பக்கம் பொய் சொல்லாது, தொடக்கத்தை எல்லோரும் இழைத்து இழைத்து எழுதுவார்கள். முன்னுரையை நாவலை முடித்த பிறகு படித்தால் அது நல்ல விருந்து.

இன்னொன்று, பக்கங்களைச் சரசரவென்று ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அச்சடித்து மடிக்கிற ஒரு கட்டுக்குப் பாரம் என்று பெயர், பெரும்பாலும் பதினாறு பக்கம், பைண்டிங்கில் சில நேரம் ஒரே பாரம் இரண்டு முறை சேர்ந்து அடுத்தது விட்டுப்போகும். ஆன்லைனில் வாங்கிய ஒரு தடித்த நாவலில் 320க்குப் பிறகு மறுபடி 305 வந்தது, அது எழுத்தாளரின் பின்நவீனத்துவ உத்தி என்று நினைத்து நான் பத்து பக்கம் மரியாதையாகத் திரும்பப் படித்தேன். கடைக்காரரிடம் சொன்னேன், பில் இல்லை என்றார்கள், பில் அவர்கள்தான் அனுப்பவில்லை. அன்றிலிருந்து பார்சலைப் பிரித்ததும் முதல் வேலை பக்க எண்.

காசு கொடுத்து வாங்குவதற்கு முன் நூலகம். சென்னையில் இருந்தால் கன்னிமாராவும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், மற்ற ஊர்களில் கிளை நூலகம். நான் மேலே சொன்ன அகாதெமிப் புத்தகங்கள் அநேகமாக மாவட்ட மைய நூலகத்தில் கிடைக்கும், விட்டுப்போன அந்தப் பதினாறு பக்கத்தையும் நான் நூலகப் பிரதியில்தான் நின்றுகொண்டே படித்தேன். எடுக்கிற புத்தகத்தின் தேதிச் சீட்டைப் பாருங்கள், அடிக்கடி முத்திரை விழுந்திருந்தால் அந்த ஊர்க்காரர்களுக்குப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம், எந்த விமர்சனத்தைவிடவும் நான் அதைத்தான் நம்புகிறேன். கிளை நூலகத்துக்குப் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை லீவு, போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள்.